அமெரிக்காவில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால்: வரியும் சட்டமும்

குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானி, வாரம் இரண்டு நாள் வந்து சமைத்துக் கொடுக்கும் அம்மா, வயதான அப்பாவுக்குத் துணையாக இருக்க ஒருவர். அமெரிக்காவில் இவர்களில் யாரை வைத்தாலும், அன்று முதல் நீங்கள் ஒரு முதலாளி. சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டும், உங்கள் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும், கணக்கு எழுத வேண்டும், ஆண்டு முடிந்ததும் டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்றுப் படிவம் கொடுக்க வேண்டும். "கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறோம், அவரும் அதைத்தான் கேட்கிறார்" என்பது பல வீடுகளில் நடக்கிறது. அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு வாரமும் அவருடைய பிற்கால ஓய்வூதியத்தில் ஒரு வாரம் காணாமல் போகிறது. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் (சம்பாதித்த சம்பளத்துக்கு ஏறும் புள்ளி) வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் 4 கிரெடிட்தான் சேரும், ஆக குறைந்தது பத்து ஆண்டு உழைப்பு கணக்கில் ஏறியிருக்க வேண்டும். முதுமையில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் மருத்துவமனைப் பகுதி பிரீமியம் இல்லாமல் கிடைப்பதற்கும் அதே 40தான் கணக்கு. கணக்கில் வராத சம்பளத்துக்கு ஒரு கிரெடிட்டும் ஏறாது.

கீழே உள்ளவை கூட்டாட்சிச் சட்டப்படியான படிகள். மாநில விதி மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

ஊழியரா, தனித்தொழில் செய்பவரா?

கூட்டாட்சி வரித் துறையான ஐஆர்எஸ் பார்ப்பது ஒன்றைத்தான்: என்ன வேலை என்பதோடு, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? காலை எட்டு மணிக்கு வர வேண்டும், குழந்தைக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும், மதியம் இவ்வளவு நேரம் தூங்க வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள் என்றால் அவர் உங்கள் ஊழியர். முழுநேரமா பகுதிநேரமா, மணிக்கணக்கா வாரக்கணக்கா, ஏஜென்சி கொடுத்த பட்டியலிலிருந்து எடுத்தீர்களா என்பதெல்லாம் பொருட்டில்லை. இருவரும் சேர்ந்து "இவர் காண்ட்ராக்டர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அது மாறாது.

புல் வெட்ட வருபவர் தன் இயந்திரத்தோடு வருகிறார், தெருவில் பத்து வீட்டுக்கு வேலை செய்கிறார், எப்போது வருவது என்பதை அவரே முடிவு செய்கிறார். அவர் தனித்தொழில் செய்பவர். சொந்த உபகரணமும் சொந்தப் பொருட்களும் கொண்டுவந்து, உதவிக்குத் தானே ஆள் அனுப்பும் துப்புரவுச் சேவையும் அப்படியே. ஆனால் உங்கள் துடைப்பம், உங்கள் வேக்கம் கிளீனர், நீங்கள் சொல்லும் வரிசையில் வேலை என்றால் அதே துப்புரவுப் பணியாளர் உங்கள் ஊழியராகிவிடலாம். ஏஜென்சியே ஆளை அனுப்பி, வேலையையும் அதுவே மேற்பார்த்து, சம்பளத்தையும் அதுவே கொடுத்தால் முதலாளி ஏஜென்சிதான், நீங்கள் அல்ல.

இந்த இடத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு, தனித்தொழில் செய்பவருக்குக் கொடுக்கும் 1099 படிவத்தை நானிக்குக் கொடுப்பது. சுலபமாகத் தெரிகிறது, வரி பிடிக்கத் தேவையில்லை, கணக்கும் முடிந்துவிடுகிறது. உண்மையில் உங்கள் பங்கான 7.65 சதவீதத்தையும் அவர் தலையில் கட்டுகிறீர்கள். சுயதொழில் வரியாக முழு 15.3 சதவீதத்தையும் அவரே கட்ட வேண்டிவரும். விவரம் தெரிந்த யாரையாவது அவர் கேட்டால், படிவம் 8919 போட்டுத் தன் பங்கை மட்டும் கட்டலாம், எஸ்எஸ்-8 போட்டு ஐஆர்எஸ் தீர்ப்பும் கேட்கலாம். அப்போது கேள்வி உங்களிடம்தான் வரும். இன்னொரு தவறு, சொந்தமாகக் கம்பெனி வைத்திருப்பவர்கள் நானியை அதன் சம்பளப் பட்டியலில் சேர்த்து வியாபாரச் செலவாகக் கழிப்பது. வீட்டு வேலை தனிப்பட்ட செலவு. கம்பெனிக் கணக்கில் அதற்கு இடமில்லை.

வேலை செய்ய அனுமதி இருக்கிறதா?

நம்மவர்களிடையே சறுக்கல் அதிகம் நடப்பது இங்கேதான். பக்கத்து அபார்ட்மென்டில் எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் ஒருவர் "சும்மாதான் இருக்கிறேன், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். யாரோ ஒருவரின் அம்மா ஆறு மாதம் விசிட்டர் விசாவில் வந்து நான்கு வீடுகளுக்குச் சமைக்கிறார். பல்கலைக்கழகத்தில் எஃப்-1 மாணவி மாலையில் நேரம் இருக்கிறது என்கிறாள். மூவருக்கும் பணம் கொடுத்து வேலைக்கு வைப்பது சட்டப்படி கூடாது. எச்-4 விசாவில் இருப்பவரிடம் இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இருந்தால் மட்டும் கூடும். அந்த வசதி 2015 மே மாதம் முதல், எல்லோருக்கும் அல்லாமல் குறிப்பிட்ட சில எச்-4காரர்களுக்கு மட்டும் இருக்கிறது. விசிட்டர் விசாவுக்கு அப்படி எந்த வழியும் இல்லை. எஃப்-1 மாணவிக்கு வளாகத்துக்கு வெளியே வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். மாட்டிக்கொண்டால் உங்களுக்கு அபராதம். அவருக்கோ விசா நிலையே போய்விடலாம், பிறகு கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் அது எதிரே வந்து நிற்கும். உதவி செய்வதாக நினைத்து அவருக்கு அந்தக் கெடுதலைச் செய்துவிடாதீர்கள்.

சரிபார்க்கும் வழி ஐ-9 படிவம். முதல் பகுதியை ஊழியர் வேலையில் சேரும் முதல் நாளுக்குள் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். சேர்ந்து மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் அசல் ஆவணங்களைப் பார்த்து இரண்டாம் பகுதியை நிரப்ப வேண்டும். அமெரிக்க பாஸ்போர்ட், கிரீன் கார்டு, இஏடி அட்டை போன்றவற்றில் ஒன்று இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் டிரைவர் லைசென்ஸும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் போல இரண்டு சேர்த்துக் காட்டலாம். எதைக் காட்டுவது என்பது அவர் விருப்பம், "கிரீன் கார்டுதான் வேண்டும்" என்று கேட்கக் கூடாது. படிவத்தை எங்கும் அனுப்ப வேண்டாம், உங்களிடமே வைத்திருங்கள். சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அல்லது வேலை முடிந்து ஓராண்டு, இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை. எப்போதாவது ஒருநாள் வந்துபோகும் ஒழுங்கில்லாத வேலைக்கு ஐ-9 தேவையில்லை. வாராவாரம் வருபவருக்குத் தேவை.

இந்தியாவிலிருந்து வேலையாளைக் கூட்டிவந்தவர்களுக்கு ஒன்று. எந்தக் காரணத்துக்காகவும் அவருடைய பாஸ்போர்ட்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். கட்டாய வேலைக்காக ஒருவரின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றம். "பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தோம்" என்ற பேச்சு விசாரணையில் உங்களுக்கு எதிராகவே திரும்பும். சம்பளமும் இந்திய ரூபாய்க் கணக்கில் பேசக் கூடாது, அமெரிக்கக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவருக்கும் பொருந்தும்.

எந்தத் தொகையில் வரி தொடங்குகிறது?

ஒரு ஊழியருக்கு ஆண்டில் நீங்கள் கொடுக்கும் பணச் சம்பளம் 2025இல் 2,800 டாலரையும், 2026இல் 3,000 டாலரையும் எட்டினால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி உண்டு. காசோலை, ஸெல் (Zelle) வங்கிச் செயலி மூலம் அனுப்புவது எல்லாமே பணச் சம்பளம்தான். வரம்பு ஒவ்வொரு ஆண்டும் மாறலாம், ஜனவரியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வாரம் 55 டாலர் கொடுத்தால் 52 வாரத்தில் 2,860 டாலர் ஆகிறது. 2025இல் அது வரம்பைத் தாண்டிவிட்டது, 2026இல் தாண்டாது.

வரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முதல் டாலரிலிருந்தே உண்டு. அந்த 2,860க்கு 15.3 சதவீதம், அதாவது 437 டாலர் 58 சென்ட். இதில் சோஷியல் செக்யூரிட்டி 6.2, மெடிகேர் 1.45, ஆக 7.65 சதவீதம் ஊழியர் பங்கு; அதே 7.65 உங்கள் பங்கு. நவம்பரில்தான் வரம்பைத் தாண்டுகிறீர்கள் என்றால், அதுவரை பிடிக்காத ஊழியர் பங்கையும் சேர்த்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. அதனால் தாண்டுமா தாண்டாதா என்று சந்தேகம் இருந்தால் முதல் வாரத்திலிருந்தே பிடியுங்கள். ஆண்டு முடிவில் தாண்டவில்லை என்றால் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆண்டுக் கணக்கிலான இந்த வரம்பு வந்ததற்கு ஒரு கதை உண்டு. முன்பு காலாண்டுக்கு 50 டாலர் கொடுத்தாலே வரி தொடங்கிவிடும், பெரும்பாலோர் கட்டவும் இல்லை. 1993இல் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு கிளின்டன் பரிந்துரைத்த ஸோயி பேர்டு, ஆவணமில்லாத வீட்டு ஊழியர்களை வைத்து வரி கட்டாமல் இருந்தது வெளியே வந்து விலக வேண்டியதாயிற்று. மறுஆண்டே காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி ஆண்டுக்கு 1,000 டாலர் என்று வரம்பை உயர்த்தியது, வருமான வரிப் படிவத்தோடு சேர்த்தே கட்டும் வழியையும் கொண்டுவந்தது. வீட்டு ஊழியர் வரிக்கான இன்றைய இணைப்புப் படிவம், ஷெட்யூல் ஹெச், அப்படி வந்தது.

சில உறவுகளுக்கு விலக்கு உண்டு. கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட உங்கள் பிள்ளை ஆகியோருக்குக் கொடுப்பது இந்தக் கணக்கில் வராது. 18 வயதுக்குட்பட்ட பேபிசிட்டருக்கும் பெரும்பாலும் இல்லை. அவர் மாணவராக இருந்தால் வீட்டு வேலை அவருடைய முக்கியத் தொழில் ஆகாது. உங்கள் அம்மா அப்பாவுக்கு, அவர்கள் வேலை அனுமதி உள்ளவர்களாக இருந்து, நீங்கள் சம்பளம் கொடுத்தால் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி இல்லை. நீங்கள் மணமுறிவு பெற்றோ துணையை இழந்தோ தனியாக 18 வயதுக்குட்பட்ட குழந்தையை வளர்க்கிறீர்கள், அந்தக் குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்பது போன்ற நிலைகளில் அந்த விலக்கு போய்விடும்.

இன்னொரு வரி ஃபூட்டா, கூட்டாட்சி வேலையின்மை வரி. உங்கள் எல்லா வீட்டு ஊழியருக்கும் சேர்த்து ஏதாவது ஒரு காலாண்டில் 1,000 டாலர் கொடுத்தால் இது தொடங்கும். ஒவ்வொரு ஊழியருடைய முதல் 7,000 டாலருக்கு 6 சதவீதம். மாநில வேலையின்மை வரியை நேரத்துக்குக் கட்டியிருந்தால் 5.4 சதவீதம் வரை கழித்து 0.6 சதவீதம்தான், அதிகபட்சம் 42 டாலர். மாநில வரியைக் கட்ட மறந்தால் அதே 42 டாலர் 420 ஆகிவிடும். மத்திய அரசிடம் வாங்கிய கடனைத் திருப்பாத மாநிலங்களில் இந்தக் கழிவு குறையும். கலிபோர்னியாவில் சில ஆண்டுகளாக அப்படித்தான். ஃபூட்டாவை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, முழுவதும் உங்கள் செலவு. மாநில வேலையின்மை வரிக்குத் தனி வரம்பு உண்டு. பல மாநிலங்களில் அதே 1,000 டாலர், நியூயார்க்கில் காலாண்டுக்கு 500.

சம்பளம் பேசும்போது

"கைக்கு இவ்வளவு வரும்" என்று பேசாதீர்கள். மொத்தச் சம்பளத்தைப் பேசுங்கள். வாரம் 500 டாலர் மொத்தச் சம்பளம் என்றால் 38 டாலர் 25 சென்ட் பிடித்து 461.75 கொடுப்பீர்கள். ஆனால் கைக்கு 500 என்று வாக்குக் கொடுத்துவிட்டால் மொத்தம் 541.42 ஆக வேண்டும், அதற்கு மேல் உங்கள் பங்கும் 41.42. ஆண்டு முழுவதும் இது இரண்டாயிரம் டாலருக்கு மேல் வித்தியாசம். அவருடைய பங்கையும் நீங்களே கட்டுகிறேன் என்று சொல்லலாம், சட்டம் அனுமதிக்கிறது. அப்படிக் கட்டும் தொகை அவருக்கு வருமான வரிக் கணக்கில் சம்பளமாகச் சேரும். டபிள்யூ-2வின் முதல் கட்டத்தில் (பாக்ஸ் 1) அதைச் சேர்க்க வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் சம்பளக் கட்டங்களில் சேர்க்கத் தேவையில்லை.

வருமான வரியைப் பிடிப்பது கட்டாயமில்லை. ஊழியர் வரி பிடிப்புக்கான டபிள்யூ-4 படிவம் கொடுத்துக் கேட்டு நீங்களும் ஒப்புக்கொண்டால் மட்டும் பிடிக்கலாம். ஒப்புக்கொள்வதே நல்லது. பிடிக்காமல் விட்டால் ஏப்ரலில் அவருக்கு மொத்தமாக ஒரு தொகை வந்து நிற்கும், அதைக் கட்டக் கையில் பணம் இருக்காது. "சட்டப்படி வேலை செய்ததால்தான் இந்தத் தொல்லை" என்று அவர் நினைத்து, அடுத்த வீட்டில் ரொக்கமாகவே கேட்பார்.

ஓவர்டைம்

வீட்டு ஊழியருக்கும் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1974 முதல் பொருந்துகிறது. வாரத்தில் எல்லா வீட்டிலும் சேர்த்து எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாலோ, உங்களிடம் பெறும் சம்பளம் மேலே சொன்ன ஆண்டு வரம்பை எட்டினாலோ அவர் சட்டத்துக்குள் வருகிறார். எப்போதாவது வரும் பேபிசிட்டருக்கு விலக்கு. கூட்டாட்சிக் குறைந்தபட்சம் 2009 ஜூலை முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. மாநிலமோ நகரமோ அதிகம் வைத்திருந்தால் அதுதான் செல்லும். 2026இல் கலிபோர்னியாவில் 16.90, நியூயார்க் நகரில் 17.

வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். உங்கள் வீட்டிலேயே தங்கி வேலை செய்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஓவர்டைம் இல்லை. ஆனால் நியூயார்க்கில் அவருக்கும் 44 மணிக்கு மேல் உண்டு. அங்கே 2010இல் வந்த வீட்டு ஊழியர் உரிமைச் சட்டம் வாரத்தில் 24 மணி நேர ஓய்வையும், ஓராண்டு வேலைக்குப் பிறகு ஆண்டுக்கு மூன்று நாள் சம்பளத்தோடு விடுமுறையையும் கொடுக்கிறது. கலிபோர்னியாவில் நானி போன்ற தனிப்பராமரிப்பாளருக்கு ஒரு நாளில் 9 மணி அல்லது வாரத்தில் 45 மணியைத் தாண்டியதும் ஓவர்டைம்.

நானியை "மாதச் சம்பளம், ஓவர்டைம் கிடையாது" என்று வைக்க முடியாது. அலுவலகத்தில் உங்களுக்குப் பொருந்தும் அந்த விலக்கு வீட்டு ஊழியருக்கு இல்லை. வாரம் 50 மணிக்கு 1,000 டாலர் என்று மொட்டையாகப் பேசியிருந்தால், "மணிக்கு 20 டாலர், ஓவர்டைம் தரவில்லை, வாரத்துக்கு 100 டாலர் பாக்கி" என்று அவர் கேட்க முடியும். இரண்டு ஆண்டுக்குப் பாக்கி கணக்கிட்டால் 10,000 டாலரைத் தாண்டும். உங்களால் கொடுக்க முடிவது 1,000தான் என்றால் 55ஆல் வகுங்கள், ஏனென்றால் பத்து ஓவர்டைம் மணி பதினைந்துக்குச் சமம். அடிப்படை 18.18, ஓவர்டைம் 27.27. 40 மணிக்கு 727.20, பத்து மணிக்கு 272.70, கூட்டினால் பத்து சென்ட் குறைய 1,000. இந்த இரண்டு விகிதத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மாநிலக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். வேலை நேரம், என்னென்ன வேலை, மணி விகிதம், ஓவர்டைம் விகிதம், சம்பள நாள், விடுமுறை, உடம்பு சரியில்லாத நாட்கள், நீங்கள் ஊருக்குப் போகும் வாரங்களில் சம்பளம் உண்டா, வேலையை விட எத்தனை நாள் முன்னறிவிப்பு. இதில் ஊருக்குப் போகும் வாரங்களைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நீங்கள் டிசம்பரில் ஐந்து வாரம் இந்தியா போகிறீர்கள், அவருக்கு வாடகை நிற்காது. முன்பே பேசி எழுதிவிட்டால் மனக்கசப்பு வராது. வேலைகளின் பட்டியலும் அப்படித்தான். குழந்தையைப் பார்க்க வந்தவரிடம் மெதுவாகப் பாத்திரம், பிறகு துணி, பிறகு வீடு முழுக்கச் சுத்தம் என்று ஏற்றிக்கொண்டே போனால் அவர் சொல்லாமலே நின்றுவிடுவார். குழந்தையைப் பள்ளிக்குத் தன் காரில் கூட்டிப்போனால் மைல் கணக்கில் பணம் கொடுங்கள். ஐஆர்எஸ் விகிதம் 2025இல் மைலுக்கு 70 சென்ட், அந்த அளவுக்குள் கொடுப்பதற்கு வரி இல்லை. சேர்க்கும் முன் பின்னணி விசாரணை நிறுவனம் மூலம் விசாரிப்பதானால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும்.

முதல் மாதத்துக்குள் முடிக்க வேண்டியவை

முதலில் இஐஎன், அதாவது முதலாளி அடையாள எண். ஐஆர்எஸ் இணையதளத்தில் இலவசமாக, சில நிமிடங்களில் கிடைக்கும். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் வெறும் இடைத்தரகர்கள். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை டபிள்யூ-2வில் முதலாளி எண்ணாகப் போடக் கூடாது, அதற்குத்தான் இது. பிறகு மாநிலத் தொழிலாளர் துறையில் வேலையின்மை வரிக்குப் பதிவு. புதிய ஊழியர் விவரத்தை 20 நாட்களுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சில மாநிலங்களில் கெடு இன்னும் குறைவு. ஊழியரின் பெயரை சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இருக்கும்படியே எழுதிக்கொள்ளுங்கள். இனிஷியல், தகப்பனார் பெயர் முன்பின் மாறினால் நீங்கள் கட்டும் பணம் அவர் கணக்கில் சேராமல் தொங்கும். நம் பெயர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்கள் வாங்கும் ஐடின் எண் வரிப் படிவத்துக்கு மட்டுமானது, வேலைக்குச் செல்லாது.

காயம்படுவோருக்கான காப்பீட்டை ஒத்திப்போடாதீர்கள். மாடிப்படியில் குழந்தையோடு இறங்கும்போது நானி விழுந்து முதுகு உடைந்தால் மருத்துவச் செலவு யாருடையது? வொர்க்கர்ஸ் காம்பன்சேஷன் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் வாரம் 40 மணி வேலை செய்பவருக்கும் வீட்டிலேயே தங்குபவருக்கும் கட்டாயம், அதோடு 20 மணியைத் தொட்டால் ஊனமுற்றோர் காப்பீடும் குடும்ப விடுப்புக் காப்பீடும் உண்டு. கலிபோர்னியாவில் வீட்டு உரிமையாளர் பாலிசியிலேயே இது சேர்ந்திருக்கும், ஆனால் எத்தனை மணி நேரம் வேலை செய்பவருக்கு என்பதை ஏஜென்டிடம் கேளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களின் பாலிசியில் இது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாராவாரமும் ஆண்டு முடிவிலும்

வேலை செய்த மணி, மொத்தச் சம்பளம், பிடித்தது, கொடுத்தது. இந்த நான்கையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் சம்பள நாளன்றே எழுதி, ஒரு பிரதியை அவருக்கும் கொடுங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் தேதி தானாகப் பதிவாகிவிடும். வரிக் கணக்குகளைக் குறைந்தது நான்கு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

வாரம் 500, ஆண்டில் 50 வாரம் என்றால் சம்பளம் 25,000. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரு பங்கும் சேர்த்து 3,825, ஃபூட்டா 42, மொத்தம் 3,867 டாலர். இதில் 1,912.50 அவர் சம்பளத்தில் பிடித்தது. அந்தப் பணம் உங்களுடையது அல்ல. தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். மொத்தத்தையும் உங்கள் வருமான வரிப் படிவமான 1040ஓடு ஷெட்யூல் ஹெச் இணைத்துக் கட்டுகிறீர்கள். ஏப்ரல் 15 வரை காத்திருந்து ஒரே தடவையில் கட்டினால், முன்கூட்டிக் கட்டாததற்கு அபராதம் வரலாம். இரண்டு வழி இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் புதிய டபிள்யூ-4 கொடுத்து உங்கள் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். இரு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால் 149 டாலர் போதும். அல்லது ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15ஆம் தேதிகளில் 967 டாலர் வீதம் கட்டலாம். முதல் வழிதான் சுலபம், மறக்கவும் முடியாது.

டபிள்யூ-2 ஜனவரி 31க்குள் ஊழியர் கையில் இருக்க வேண்டும். அதே தேதிக்குள் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்துக்கும் போக வேண்டும். அவர்களுடைய இணையதளத்திலேயே இலவசமாக நிரப்பி அனுப்பினால் டபிள்யூ-3 என்ற தொகுப்புப் படிவம் தானாக உருவாகிவிடும். அந்தத் தளத்தில் கணக்கு திறக்க நாளாகலாம், டிசம்பரிலேயே தொடங்குங்கள். மாநில வேலையின்மை வரி இதற்குள் வராது. அது பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை தனியாக. சம்பளம் கொடுக்காத காலாண்டிலும் பூஜ்யம் போட்டுப் படிவம் அனுப்பச் சொல்லும் மாநிலங்கள் உண்டு. அனுப்பாவிட்டால் அபராதக் கடிதம் வரும். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு நானியை வைத்திருந்தால் இரண்டு குடும்பமும் தனித்தனி முதலாளி, தனித்தனி இஐஎன், தனித்தனி டபிள்யூ-2.

உங்களுக்குத் திரும்பி வருவது

அலுவலகத்தில் டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ (குழந்தைப் பராமரிப்புக்காக வரியில்லாமல் சம்பளத்தில் ஒதுக்கும் கணக்கு) இருக்கிறதா பாருங்கள். 2025 வரை குடும்பத்துக்கு 5,000 டாலராக இருந்த உச்சவரம்பு 2026 முதல் 7,500. உங்கள் நிறுவனத் திட்டமும் அதை ஏற்றிருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலை செய்து, குழந்தை 13 வயதுக்குள் இருக்க வேண்டும். 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேரும் மிச்சமாவதைச் சேர்த்து, 7,500க்கு சுமார் 2,224 டாலர் மிச்சம். மேலே உள்ள உதாரணத்தில் உங்கள் கையிலிருந்து போகும் 1,954.50ஐ விட அது அதிகம். எஃப்எஸ்ஏ இல்லாதவர்கள் படிவம் 2441 மூலம் ஒரு குழந்தைக்கு 3,000, இரண்டு அல்லது அதற்கு மேல் 6,000 டாலர் வரையான செலவுக்கு வரிச் சலுகை கேட்கலாம். முழு 7,500ஐயும் எஃப்எஸ்ஏவில் எடுத்தவர்களுக்கு இதில் மிச்சம் இருக்காது. இரண்டுக்குமே நானியின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுத வேண்டும், ரொக்கமாகக் கொடுத்தவர்களால் அது முடியாது.

வேலை முடியும்போது

கடைசிச் சம்பளத்துக்குக் கெடு உண்டு. கலிபோர்னியாவில் நீங்கள் நிறுத்தினால் அன்றே முழுப் பாக்கியும் கொடுக்க வேண்டும். அவர் சொல்லாமல் நின்றால் 72 மணிக்குள். அவர் வேலையின்மை உதவிக்கு விண்ணப்பிப்பார், மாநிலம் முந்தைய முதலாளி யார் என்று கேட்கும், உங்கள் பெயர் வரும். வரி கட்டாத வீடுகள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வெளியே தெரிகின்றன. யாரோ காட்டிக்கொடுத்து அல்ல, ஒருவர் தனக்கு உரியதைக் கேட்டதால்.

ஏற்கெனவே சில ஆண்டு கட்டாமல் விட்டிருந்தால், அந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் திருத்தப் படிவமான 1040-எக்ஸோடு ஷெட்யூல் ஹெச் இணைத்து அனுப்பலாம். வட்டியும் அபராதமும் இருக்கும், ஆனால் கடிதம் வரும் முன் நீங்களே போவது எப்போதும் லேசானது. அதோடு அந்த ஆண்டுகளின் டபிள்யூ-2க்களையும் தாக்கல் செய்யுங்கள், அதை விட்டுவிட்டால் நீங்கள் கட்டிய பணம் அவர் கணக்கில் ஏறாது. இதற்குக் காலம் கணக்கு உண்டு. சோஷியல் செக்யூரிட்டி வருமானப் பதிவைத் திருத்த, அந்த ஆண்டு முடிந்து 3 ஆண்டு, 3 மாதம், 15 நாள் என்பது பொது வரம்பு. 2023இல் அவர் உங்கள் வீட்டில் செய்த வேலைக்கு அந்த நாள் 2027 ஏப்ரல் 15.